வெறும் வயிற்றில் ஒரு பொய்

அந்தக் கொடியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக் காலையிலேயே நாலு பேர் வேலியோரம் போய்ப் பறித்து, அரைத்து, மோரில் கலக்கிக் குடித்துவிட்டு, மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் கிடப்பார்கள். குடித்ததை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் வேறு போடுவார்கள். நம் ஜனங்களைப் பற்றி நமக்குத் தெரியாதா? ஆகவே கொடி என்றால் கொடி, அவ்வளவுதான். ஆடு கடிக்காது. மாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். கோயமுத்தூரில் டாக்டர் தில்ஷாத் என்று ஒரு அம்மா மட்டும் பாதி ஆயுசை அதன்மேல் போட்டு, அதிலிருந்து ஒரு மருந்தை வடித்து எடுத்தார்.

மருந்து நன்றாக வேலை செய்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை முடிகிற வரைக்கும் அந்தக் கொடியைத் திட்டிக்கொண்டே படிப்பீர்கள்.

பூபதி கோபியில் நிலத் தரகர். எந்தக் காட்டுக்கு எந்தப் பக்கம் தடம், எந்தக் கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், எந்த அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் நம்பியூர்ப் பக்கம், நிலம் வாங்க வந்தவரை வரப்பில் நிறுத்தி வைத்துக்கொண்டு, வடக்கு எது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். வெயில் என்றார்கள். பித்தம் என்றார்கள். கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளைக்குள் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

கட்டியை எடுத்த பிறகு டாக்டர் தில்ஷாத் பூபதியின் மனைவி மோகனாவையும், அவள் அண்ணன் தங்கராசுவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வெட்டி எடுத்தாச்சும்மா. ஆனா இந்த வகைக் கட்டி பொல்லாதது. வெட்டினாலும், கரண்ட் வெச்சாலும், உள்ள கொஞ்சம் தாய்ச் செல் பதுங்கிக்கும். கட்டியில இருக்கிற மத்த செல்லெல்லாம் அதோட பிள்ளைங்க. பிள்ளைங்கள நாம எத்தன தடவ அழிச்சாலும், தாய் இருக்கிற வரைக்கும் மறுபடி பெத்துப் போட்டுட்டே இருக்கும். வருஷம் திரும்பறதுக்குள்ள கட்டி பழைய இடத்துக்கு வந்துடும்."

"அந்தத் தாயக் கொல்றதுக்குத்தான் இந்த மருந்துங்களா?"

"கொல்லத்தான் நாங்களும் இத்தன வருஷம் பாத்தோம். சாக மாட்டேங்குது. இந்தக் கொடி என்ன பண்ணுதுன்னா, அதக் கொல்லல. வளர வெச்சிடுது. தாய்ச் செல்லுங்கறது, பெரியாளானா என்ன ஆகணும்னு முடிவே பண்ணாம ஊர் சுத்திட்டிருக்கிற செல். அதப் புடிச்சு உக்கார வெச்சு, நீ இனிமே மூளைச் செல், ஒழுங்கா வேலையப் பாருன்னு ஆக்கிடுது. வேலைக்குப் போறவன் ஊர் சுத்த மாட்டான் பாருங்க, அந்த மாதிரி."

மோகனா கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். எதையும் பிரித்துப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள்.

"அப்ப அந்தக் கட்டி மூளையாயிருமுங்களா?"

"ஆயிடும்."

"ஆகி, என்ன வேலைங்க பாக்கும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எங்களுக்கும் தெரியாதும்மா. பிறந்த குழந்தை மாதிரி. முதல் ஒன்றரை மாசம் எதப் பாக்குதோ, எதக் கேக்குதோ அதத்தான் கத்துக்கும். அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தச் சமயத்துல அவர்கிட்ட உண்மையாப் பேசுங்க. மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு வேண்டாம்."

"அதுக்கென்னங்க," என்று மோகனா தலையாட்டினாள். தங்கராசு அவளைவிட வேகமாகத் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். லிஃப்ட் வருவதற்குள் தங்கராசு தங்கையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அம்மிணி, மாப்பிள்ளைகிட்ட யாராச்சும் கேன்சர்னு வாயத் தொறந்தீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும் பாத்துக்க. நீர்க்கட்டின்னு சொல்லீரலாம்."

"டாக்டரம்மா உண்மையாப் பேசோணும்னாங்களேண்ணா?"

"அது மத்த விசயத்துலம்மா. நோயப் போயி ஆராச்சும் சொல்லுவாங்களா? மனசொடஞ்சு போயிருவாரு மனுசன்."

இதில் ஏதோ டாக்டர் பேச்சை மீறுகிறோம் என்று அவர்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வது நம் பக்கம் உண்மையில் சேர்த்தி கிடையாது. அபசகுனத்தில் சேர்த்தி.

மருந்து ஏற ஆரம்பித்த நாளிலிருந்து மோகனா வார்டு வாசலில் காவல் நின்றாள். வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நீர்க்கட்டின்னுதான் சொல்லியிருக்கறோம், பாத்துப் பேசுங்க" என்று ஓதி அனுப்பினாள். அவர்களும் சாத்துக்குடியும் ஆர்லிக்ஸுமாக உள்ளே போய், சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே பேசினார்கள். "அட, போன வாரத்துக்கு இப்ப முகத்துல நெம்பப் பொலிவு வந்திருச்சுங்க!" "எங்க சித்தப்பனுக்கும் இதே நீர்க்கட்டிதானுங்க, இன்னிக்கு டிராக்டர் ஓட்டிட்டுத் திரியறாரு." அந்தச் சித்தப்பன் செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் வர்ஷினி அலறியடித்துக்கொண்டு வந்து இறங்கி, "சும்மா லீவு கெடச்சுதுப்பா, அதான் வந்தேன்" என்றாள். எல்லாரும் சிரித்த முகமாகப் பேசிவிட்டு, வெளியே வந்து துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள்.

தங்கராசுதான் எல்லாரையும் தூக்கி அடித்தவர். ஒன்றரை மாசமும் தோட்டம் துரவை விட்டுவிட்டு மச்சினன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தவர் அவர். தினமும் காலையில் பூபதியின் தலைக்கட்டைப் பார்த்துவிட்டு, "செரியாப் போச்சு மாப்பிள்ளை, இனி ஒண்ணுமே இல்ல" என்பார். அவ்வளவு பிரியமாகச் சொல்வார். அவ்வளவும் பொய்.

பூபதியின் தலைக்குள் புதிதாகப் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்த செல்கள் இதையெல்லாம் இமை கொட்டாமல் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கே விக்கல் ஆரம்பித்தது.

முன்னறை முழுக்க ஆட்கள். ஒருத்தர் "ஆள் முந்திக்கு இப்ப எளமையாயிட்டாருங்க" என்றதும் பூபதிக்கு ஒரு விக்கல். "ஊர் முச்சூடும் உங்களப் பத்தியேதான் பேச்சு" என்றதும் இன்னொன்று. யாரோ நினைக்கிறார்கள் என்று முடிவு செய்து, நினைக்கக்கூடியவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள். லீவு முடிந்து திரும்பிப் போன வர்ஷினி பெயரைச் சொன்னார்கள், ஜெர்மனிக்குப் பக்கத்துத் தேசங்களில் இருக்கும் தூரத்துச் சொந்தங்களைக்கூடச் சொன்னார்கள், நிற்கவில்லை. சர்க்கரை கொடுத்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏழு மடக்குத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். கடைசியாக, திடுக்கிட வைத்தால் விக்கல் போகும் என்று தங்கராசு பின்னால் வந்து, "மாப்பிள்ளை! வாசல்ல நின்ன உங்க வண்டிய எவனோ ஓட்டிட்டுப் போறான்!" என்று ஒரு சத்தம் போட்டார்.

பூபதி நாற்காலியோடு எகிறினார். விக்கல் இரண்டு மடங்காகிவிட்டது.

விருந்தாளிகளைத் தாட்டி அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், மனுஷர் பொட்டாட்டம், சத்தங்காட்டாமல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விக்கல் போன இடம் தெரியவில்லை.

மோகனா அதற்குக் காரணம் கண்டுபிடித்தது கலாமணியால். கலாமணி அடுத்த தெரு. தங்கச்சி கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணி கொடுத்துவிட்டு, தினமும் ஒரு தடவை வந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மோகனாக்கா, ஆச்சா?"

"எல்லாம் முடிஞ்சுது கண்ணு, ஊக்கு மட்டுந்தான் வெக்கோணும்."

உள்ளறையிலிருந்து ஒரு விக்கல். ஜாக்கெட் துணி இன்னும் வெட்டப்படாமல் அலமாரியில் மடித்தபடி இருந்தது.

"நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்க."

விக்கல்.

"சத்தியமா."

உள்ளே இரண்டு விக்கல், அடுத்தடுத்து.

கலாமணி போன பிறகு மோகனா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் புருஷன் எதிரில் நின்றாள்.

"ஏனுங்க, இன்னிக்கு மதியம் ரசம் வெச்சிருக்கறனுங்க." ரசம்தான் வைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"கோழிக்குழம்பும் வெச்சிருக்கறனுங்க."

விக்கல்.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு வந்தது வெறும் நீர்க்கட்டிதானுங்க," என்றாள்.

விக்கல் வந்தது. பூபதி பேப்பரை மெதுவாக மடித்தார். நாற்பது வயசிலிருந்து எதிராளியின் முகத்தைப் படித்தே நிலம் விற்ற மனிதர் அவர், தன் வயிற்றிலிருந்து வந்ததைப் படிக்கவா தெரியாது?

"அப்ப அது நீர்க்கட்டி இல்லியா மோகனா?"

"இல்லீங்க."

விக்கல் இல்லை.

"கேன்சரா?"

"ஆமாங்க."

அதற்கும் விக்கல் இல்லை. தெருவில் கீரைக்காரி போனாள். பூபதி மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியுமுங்க. உங்களுக்குத் தவிர."

"செரி," என்றார் பூபதி. "ஒரு காப்பி குடு." மோகனா அடுக்களைக்குப் போய் பால் பொங்கி வழிகிற வரைக்கும் அழுதாள்.

அடுத்த வாரம் டாக்டர் தில்ஷாத் ஸ்கேனைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, நம்ப முடியாமல் பார்த்தார். பக்கத்தில் நின்று மோகனாவை விட்டு நாலு உண்மையும் நாலு பொய்யும் சொல்லச் சொன்னார். நாலுக்கு நாலு விக்கல்.

"நான் உண்மையாப் பேசச் சொன்னேனேம்மா?"

"பேசினமுங்க. நோயப் பத்தி மட்டுந்தான்…" மோகனா முடிக்கவில்லை.

"அதான். குழந்தை எதப் பாத்துச்சோ அதக் கத்துக்கிச்சு. மனசறிஞ்சு பொய் சொல்றவங்க குரல்ல ஒரு சின்ன மாற்றம் இருக்கும். நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியுது. தெரிஞ்சதச் சொல்லணும்ல? விக்கல் நரம்பு பக்கத்துல இருந்திருக்கு, அதப் புடிச்சு இழுக்குது."

பூபதி முதல்முறையாக வாயைத் திறந்தார். "இத நிறுத்த முடியுங்களா டாக்டரம்மா?"

"நிறுத்தக் கூடாது!" டாக்டர் போட்ட சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "நல்லாக் கேட்டுக்கங்க. விக்கல் வருதுன்னா கட்டி வேலையில இருக்குன்னு அர்த்தம். பொய் கேட்டும் விக்கல் வரலைன்னா, வேலைய விட்டுட்டு மறுபடி ஊர் சுத்தக் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். ஸ்கேன்ல தெரியறதுக்கு ரொம்ப முந்தியே இது காட்டிக் குடுத்துடும். அன்னிக்கே ஓடி வந்தீங்கன்னா மருந்து குடுத்துக் காப்பாத்திடலாம். நாள் கடத்தினா என்னால ஆகாது. அதனால தினமும் சோதிக்கணும்."

"எப்படிங்க சோதிக்கிறது?" என்றாள் மோகனா.

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து எழுதிக் கொடுத்தார். பொய், காலையில் ஒன்று, வெறும் வயிற்றில்.

மருந்துக் கடைக்காரர் அந்தச் சீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஸ்டாக் இல்லை என்றார்.

தினமும் ஒரு பொய் சொல்வது சுலபம் என்று நினைப்பீர்கள். மோகனாவும் அப்படித்தான் நினைத்தாள். முதல் வாரம் "இன்னிக்குப் பால்காரர் வரலீங்க" என்பதை வைத்து ஓட்டினாள். அப்புறம் அது மங்கிப்போயிற்று. ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால், சொல்கிறவர் மனசில் அது பொய்யாகவே இருப்பதில்லை, சும்மா ஒரு சத்தமாகிவிடுகிறது. விக்கல் பாதி வந்து பாதி வராமல் நின்று, இரண்டு பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. எனவே தினமும் புதுப் பொய் வேண்டும். காலையில் எழுந்ததும் பல்லைத் துலக்கிக்கொண்டே பொய் தேடினாள். கூரைமேல் மயில் என்றாள். கலெக்டர் வந்து போனார் என்றாள். ஒரு நாள் ஒன்றுமே அகப்படாமல், அவர் முகத்தைப் பார்த்தபடி, "உங்கள எனக்குப் புடிக்கவே இல்லீங்க" என்றாள்.

பூபதிக்கு வீடு அதிர ஒரு விக்கல் வந்தது.

மறுநாள் அதையே சொன்னாள். அதே விக்கல். அதற்கு மறுநாளும். அந்த ஒரு பொய் மட்டும் மங்கவே இல்லை. வருஷக்கணக்கில் கூடக் குடும்பம் நடத்தியும் அந்த மனிதர் அவளிடம் பிடிக்குமா என்று கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இப்போது காப்பிக்கு முன்னால் தினமும் ஒரு தடவை அந்தப் பதில் விக்கலாக வந்தது. அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதற்காகவே சீக்கிரம் எழுந்திருக்கிறார் என்பது மோகனாவுக்குத் தெரியும்.

காலை நேரம் அப்படி. மற்ற நேரத்துக்கு வாருங்கள்.

பூபதிக்குத் தன் வாயிலிருந்து வருகிற பொய்க்கும் விக்கல் வந்தது. "தண்ணி நாப்பது அடியிலயே கெடக்குதுங்க, விக்" என்று சொல்லி யாரிடம் நிலம் விற்பது? தொழில் படுத்துவிட்டது. மோகனாவின் கடையும் அப்படியே. தையல்காரி நாளைக்கு என்று சொல்லாமல் எந்த ஊரில் கடை நடந்திருக்கிறது? "கலாமணி, உன் ஜாக்கெட்ட இன்னும் தொடவே இல்ல, கல்யாணத்துக்கு ஆகாது" என்று உள்ளதைச் சொன்னாள். கலாமணி துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தேர்தல் சமயத்தில் டி.வி. போட முடியவில்லை. ஒறம்பரை வருவது நின்றது. விருந்துக்கு வந்து, சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டு விக்கலை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார யாருக்கு மனசு வரும்? வர்ஷினி போனில் கூப்பிட்டால், "அப்பா பக்கத்துல இருக்கறாராம்மா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

வேறு மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, ஆட்டைத் திருடினாயா இல்லையா என்று ஜோடி ஜோடியாக வந்து வாசலில் நின்றார்கள். பூபதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஆளுக்கு ஒரு வாக்கியம். விக்கல் வந்தால் தீர்ந்தது. விக்கல்காரர் என்று பேர் பரவியது, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார். மோசம் என்னவென்றால், வெளியே பழகினது வீட்டுக்குள்ளும் வந்தது. "எங்க போயிருந்த?" "போன்ல ஆரு?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடுவார். மோகனா மறைக்க ஒன்றுமில்லாதவள்தான். ஆனாலும் பதில் சொல்லிவிட்டு அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குக் கூசியது. பேச்சைக் குறைத்தாள். காலையில் அந்த ஒரு பொய், அப்புறம் சாப்பிட வாங்க, தூங்கப் போங்க, அவ்வளவுதான்.

அப்போதும் தவறாமல் வந்துபோனவர் தங்கராசு ஒருத்தர்தான். விக்கல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "மாப்பிள்ளை, நேத்துக் கனவுல நீங்க மந்திரி!" என்பார். பூபதி விக்குவார், மோகனா அன்றைக்கு மட்டும் சத்தமாகச் சிரிப்பாள்.

திடீரென்று அவர் வருவது நின்றது. அண்ணி போன் செய்து, வயிற்று வலி என்றாள், பிறகு குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னாள். கணையத்தில். ரொம்பத் தூரம் பரவிவிட்டது. மோகனா டாக்டர் தில்ஷாத்துக்குப் போன் போட்டு அழுதாள். கொடி மூளைக்கு மட்டும்தான், அங்கே அதற்கு வேலையில்லை என்று அவர் சொன்னார். தங்கராசுவிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

"நான் மட்டும் போயிட்டு வந்தர்றனுங்க," என்றாள் மோகனா.

"மச்சான் எனக்குப் பக்கத்துல ஒன்றற மாசம் பாய் போட்டுப் படுத்தவரு. நான் போகாம எப்படி?"

"போனா வாசல்லயே நின்னுக்குங்க. உள்ள வேண்டாம். கும்புட்டுக் கேக்கறன்."

"செரி," என்றார். விக்கல் வரவில்லை. சொன்னபோது நிஜமாகத்தான் சொன்னார்.

தங்கராசு கட்டிலில் பாதியாகிக் கிடந்தார். மோகனா தலைமாட்டில் உட்கார்ந்ததும் அவர் கண் அவளைத் தாண்டி வாசலுக்குப் போனது. "மாப்பிள்ளை வந்திருக்கறாரா? ஏன் அங்கயே நிக்கறீங்க, உள்ள வாங்க. இப்படிப் பக்கத்துல வாங்க." பூபதி வந்தார். தங்கராசு அவர் கையைப் பிடித்துக் கட்டிலிலேயே உட்கார வைத்துக்கொண்டார். பிடியை விடவில்லை. பிறகு தங்கை பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, எனக்கு வந்திருக்கறது அல்சர்தானே?"

மோகனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டது நலம் விசாரிக்க இல்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். எழுந்து போங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பூபதி பார்த்தார், நன்றாகவே பார்த்தார். கையை உருவிக்கொண்டு எழுந்து போக அவரால் முடியும். அவர் எழவில்லை.

அண்ணன் முகத்தைப் பார்த்து வேறு என்னத்தைச் சொல்வாள்? "அல்சர்தானுங்கண்ணா. ஒரு மாசத்துல எந்திரிச்சு உக்காந்துக்குவீங்க," என்றாள்.

விக்கல் வந்தது.

தங்கராசு மாப்பிள்ளையின் கையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பழைய குரலை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, "தண்ணி கொண்டாந்து குடுங்க ஆராச்சும்," என்றார். "மாப்பிள்ளைய யாரோ நெனைக்கறாங்க போல."

அதற்கும் ஒரு விக்கல் வந்தது.

வண்டியில் வீடு வருகிற வரைக்கும் மோகனா பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. பூபதிதான் பேசினார். "மச்சான் தெரிஞ்சுக்க ஆசப்பட்டுக் கேட்டாரு மோகனா. என்னைய எல்லாரும் ஏமாத்தினது தெரிஞ்சப்ப நான் எப்படித் தவிச்சன்னு எனக்குத்தான் தெரியும். அவருக்கும் அப்படி ஆகோணுமா?" விக்கல் வரவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒன்றரை மாசம் தனக்காகப் பொய் சொன்ன மனிதருக்கு ஒரு நிமிஷம் எழுந்து வெளியே நிற்கத் தெரியவில்லையே என்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு படுத்தாள்.

காலையில் பூபதி வழக்கம்போல முன்னமே எழுந்து அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்தார். என்ன கோபமிருந்தாலும் சோதனையை விடக் கூடாது. மோகனா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உங்கள எனக்குப் புடிக்கவே இல்லீங்க."

பால் கொதிக்கும் சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மோகனா திரும்பினாள். பூபதி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துவிட்டது. இருவரும் காத்திருந்தார்கள். சில நாள் கொஞ்சம் தாமதமாக வருவதுண்டு. வரவில்லை.

"வேலைய விட்டுருச்சா?" என்றார் பூபதி, சிறு பிள்ளை மாதிரி.

நேற்றைய ஆத்திரமெல்லாம் அவளுக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. டாக்டருக்குப் போன் போட வேண்டும், கார் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் இன்னொரு தடவை சோதித்துவிட வேண்டும். ஒரு பொய், ஏதாவது ஒரு பொய். மயில், கலெக்டர், பால்காரர், ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. ராத்திரியெல்லாம் மனசுக்குள் கிடந்து உருண்டது ஒன்றுதான். அதுவே வாயில் வந்தது.

"எங்க அண்ணன் பொழச்சுக்குவாருங்க."

விக்கல் வந்தது. பாத்திரம் அதிர, நல்ல ஆரோக்கியமான விக்கல்.

மோகனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டி வேலையில்தான் இருக்கிறது. பூபதி பிழைத்தார். அப்படியானால் பிடிக்கவே இல்லை என்று முதலில் சொன்னது பொய் இல்லை. அது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் இருவரும் அடுப்பைப் பார்த்தார்கள். பால் பொங்கி வழிந்தது, அணைக்க யாரும் எழவில்லை.

"கட்டிக்கு ஒண்ணுமில்ல மோகனா," என்றார் பூபதி.

"ஆமாங்க."

அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். வழிந்த பாலைத் துணி எடுத்துத் துடைத்தார். மீதிப் பாலில் இரண்டு டம்ளர் காப்பி கலந்து, ஒன்றை அவள் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, அவரும் தரையிலேயே உட்கார்ந்தார். சர்க்கரை அதிகமாகப் போட்டிருந்தார்.

"நேத்து நான் எந்திரிச்சு வெளிய போயிருக்கோணும்," என்றார்.

மோகனா தன்னை அறியாமல் காது கொடுத்தாள். விக்கல் வரவில்லை.

அவள் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே யாரோ ஜோடியாக வந்து, விக்கல்காரர் இருக்கிறாரா என்று கூப்பிட்டார்கள். பூபதி பதில் கொடுக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"மோகனா," என்றார். "நாளைக்கும் அதையே சொல்லிப் பாக்கறயா?"

அவள் மீதிக் காப்பியையும் குடித்து முடித்தாள்.

"சொல்றனுங்க," என்றாள்.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். விக்கல் வரவில்லை.